ஒரு தட்டு கொண்டு வரவும்

கெராபீல், விம்மெரா
6 மார்ச் 2022

அன்புள்ள ஜேரட்டுக்கு,

கர்த்தருடைய கிருபையால் நானும் அப்பாவும் நலம். அந்தச் செம்மண் பூமியில் நீயும் நலமாக இருக்கக் காலையும் மாலையும் ஜெபிக்கிறேன். இத்துடன் தேன் பிஸ்கட் டின் வருகிறது. நம் ஒப்பந்தம் ஞாபகம் இருக்கட்டும். டின் காலியாகத் திரும்பக் கூடாது. உள்ளே ஒரு கடிதம் இருந்தால்தான் அடுத்த டின் புறப்படும். போனில் பேசலாமே என்பாய். நீ சுரங்கத்தில் ஷிப்டு முடித்துப் படுக்கும் நேரத்தில் நான் ஆலய வேலைக்குக் கிளம்பிவிடுகிறேன். அப்படியே பிடித்தாலும் "ம்", "சரி", "பார்க்கலாம்", அவ்வளவுதான் உன்னிடமிருந்து வருகிறது. காகிதத்தில் நீ கொஞ்சம் வாயாடி. அதனால் எனக்குக் காகிதமே போதும்.

போன ஞாயிறு அறுவடை நன்றி விருந்து. வழக்கம்போல நோட்டீஸ் நான்தான் எழுதினேன்: "சகோதரிகள் ஒரு தட்டு கொண்டு வரவும்." நம் ஊரில் தவழுகிற பிள்ளைக்கும் அதன் அர்த்தம் தெரியும். தட்டு என்றால் தட்டு நிறையப் பண்டம். ஆனால் கோழி ஆலை வேலைக்காகப் பர்மா பக்கமிருந்து புதிதாகக் குடிவந்திருக்கும் கரென் இனக் குடும்பங்களுக்கு அது எப்படித் தெரியும்? அதை நான் யோசிக்கவே இல்லை.

நோ டோர்கஸ் என்று ஒருத்தி. "நோ" என்றால் வேண்டாம் என்பது இல்லை. அவர்கள் பெண்களின் பெயருக்கு முன்னால் மரியாதைக்குப் போடுவது. பர்மா எல்லையில் அகதி முகாமில் வளர்ந்தவள். கதவைத் திறந்துகொண்டு வந்தாள். கையில் ஒரு பெரிய பை, உள்ளே கலகலவென்று சத்தம். வீட்டிலிருந்த தட்டு அத்தனையும்! நீல விளிம்பு வைத்த எனாமல் தட்டுகள், பளபளவென்று தேய்த்து வைத்திருக்கிறாள். எல்லாம் காலி.

"என்னம்மா இது?" என்றேன்.

"தட்டு கொண்டு வரச் சொல்லி எழுதியிருந்தீங்களே ஆன்ட்டி. ஆலயத்துல தட்டு பத்தலை போலன்னு எல்லாத்தையும் எடுத்துட்டு வந்துட்டேன். இன்னும் வேணும்னா பக்கத்து வீட்டுலயும் கேக்கட்டா?"

நான் பதில் சொல்வதற்குள் உன் அப்பா, "முப்பது வருஷமா இந்த நோட்டீஸை எழுதுறே ரேலீன். எழுதினதை எழுதினபடியே செஞ்ச மொத ஆளு இவங்கதான்!" என்றார். அவளுக்கு விஷயம் விளங்கியதும் முகத்தைப் பொத்திக்கொண்டு சிரித்தாள் பார், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். நானும் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். உண்மையைச் சொன்னால் அன்று தட்டு பற்றவில்லைதான். கடைசி மேஜைக்கு அவள் தட்டுகளில்தான் பரிமாறினோம். நம் வழக்கப்படி ஒன்றையும் காலியாகத் திருப்பவில்லை. போகும்போது என் தட்டு ஒன்றிலும் ஸ்ட்ரூசல் கேக் வைத்துக் கொடுத்தேன்.

அவள் தட்டும் கையுமாக நிற்க நாங்கள் சிரித்ததை அப்பா தன் பழைய காமிராவில் படம் எடுத்தார். என் கட்டைவிரலில் பிளாஸ்திரி தெரிகிறதா? காலையில் அடுப்புத் தட்டு சுட்டுவிட்டது. இரண்டு பிரதிதான் போட்டோம். ஒன்று டோர்கஸுக்கு என்று எடுத்துப் போனால், "எனக்கு வேண்டாம் ஆன்ட்டி. தூரத்துல இருக்கிற உங்க மகனுக்கு அனுப்புங்க. அம்மா சிரிக்கிறதைப் பாத்தா சந்தோஷப்படுவாரு" என்றாள். அதனால் ஒன்று நம் ஃபிரிட்ஜ் கதவில், இன்னொன்று இதோ உன் கையில்.

காலையில் வெறும் வயிற்றில் காபி குடிக்காதே. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் பார்த்துக்கொள்வாராக.

அன்புடன்
அம்மா


சுரங்க முகாம், பில்பரா
27 மார்ச் 2022

அன்பு அம்மாவுக்கு,

டின் வந்த ஷிப்டிலேயே பாதி போய்விட்டது. பக்கத்து அறைக்காரன் வாசனை பிடித்து வந்து "உங்கம்மாவுக்கு என்னைத் தத்து எடுத்துக்க இஷ்டமா கேளுடா" என்றான். இங்கே சமையல்காரர் எதைக் கேட்டாலும் பீட்ரூட் போடுகிறார் கஞ்சியில் மட்டும்தான் இன்னும் போடவில்லை.

அறை ஒரு இரும்புப் பெட்டி மாதிரி. கட்டில், ஏசி, நான். வேலை முடிந்தால் அவனவன் பெட்டிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வான். நான் போனில் பழைய டிராக்டர் பிரியர்கள் குழு ஒன்றில் சேர்ந்திருக்கிறேன். நம் கொட்டகையில் நிற்கிறதே அதைக் கிளப்பலாமாம் அம்மா. பழைய உழவன் என்ற பெயரில் ஒருவர் இருக்கிறார். எதைக் கேட்டாலும் பொறுமையாகச் சொல்லித் தருகிறார். நான் எந்த நேரத்தில் எழுதினாலும் பதில் வருகிறது. லீவுக்கு வரும்போது அப்பாவை ஆச்சரியப்படுத்தப் போகிறேன் சொல்லிவிடாதீர்கள்.

தட்டுக் கதையைக் குழுவில் சொன்னேன். எல்லோருக்கும் சிரிப்பு. பழைய உழவன் மட்டும் சிரிக்கவில்லை. "அது எந்த ஊர் தம்பி? அவங்க எத்தனை பேர் இருக்காங்க?" என்று அக்கறையாகக் கேட்டார்.

போட்டோவைக் கட்டிலுக்கு மேலே ஒட்டியிருக்கிறேன்.

உங்கள்
ஜேரட்


கெராபீல்
24 ஏப்ரல் 2022

அன்புள்ள ஜேரட்டுக்கு,

உன் கடிதத்தை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன், டிராக்டர் பகுதியை விழுங்கிவிட்டு. "நடுவுல என்ன முழுங்குறே?" என்று கேட்டுவிட்டார். எச்சில் என்றேன்.

டோர்கஸ் வியாழக்கிழமைகளில் ஸ்ட்ரூசல் கேக் கற்றுக்கொள்ள வருகிறாள். மேலே தூவுகிற வெண்ணெய்ச் சர்க்கரையை விரலால் உதிர்க்கும் பதம் அவளுக்கு இரண்டாம் தடவையே வந்துவிட்டது. எனக்கு வர ஒரு வருடம் ஆனது. அவள் பசையுள்ள ஒட்டரிசிச் சோற்றை எள் சேர்த்து இடித்து உருண்டை பிடித்துக் கொண்டு வந்தாள். அப்பா "நான் இதெல்லாம் சாப்பிட மாட்டேன்" என்று சொல்லிக்கொண்டே மூன்று உருண்டை சாப்பிட்டார். கேட்டால், "ருசி பாத்தேன்" என்கிறார்.

ஒன்று கேட்க வேண்டும். தப்பாக நினைக்காதே. அந்தப் பழைய உழவனின் பெயர் என்ன? எந்த ஊர்? யார் வீட்டுப் பிள்ளை? உன் டிராக்டரைப் பற்றி எல்லாம் தெரிந்தவரைப் பற்றி உனக்கு ஒன்றும் தெரியாதது போல இருக்கிறது. நம் வீட்டுக்கு ஒருவர் வந்தால் பெயர் சொல்லாமல் நாற்காலியில் உட்காருவாரா?

அம்மா கேட்கிறாள், அவ்வளவுதான். கோபித்துக்கொண்டு பிஸ்கட்டைத் திருப்பிவிடாதே.

ஜெபங்களுடன்
அம்மா


பில்பரா
12 ஜூன் 2022

அன்பு அம்மாவுக்கு,

தாமதத்துக்கு மன்னிக்கவும். அங்கே யாரும் சொந்தப் பெயரில் இருப்பதில்லை அம்மா. பெயர் கேட்பது மரியாதையும் இல்லை. டிராக்டர் குழுவில் எல்லாவற்றையும் பேச முடியாது என்று பழைய உழவன் எங்களில் சிலரை மட்டும் ஒரு சின்னக் குழுவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். நல்லவன் என்று தோன்றினால்தான் கூப்பிடுவார். அதற்குள்ளும் ஒரு சின்னக் குழு இருக்கிறது. போன வாரம் என்னை அதிலும் சேர்த்தார்கள்.

முதலில் டிராக்டர் பேசினோம். பிறகு நிலம். பிறகு நிலம் யாருடையது என்று. நம் ஊரில் நடப்பது உங்களுக்குப் புரியவில்லை. நீங்கள் நல்லவர்கள், நல்லவர்களைத்தான் முதலில் ஏமாற்றுவார்கள். பள்ளிக்கூடத்தில் இப்போது அவர்கள் பிள்ளைகள் எத்தனை? ஆலயத்தில் எத்தனை பெஞ்சு? ஆலயக் கணக்கு எழுதுகிறவர் நீங்கள், எண்ணிப் பாருங்கள். நம்மவர்கள் விழித்துக்கொள்ள வேண்டிய நேரம் இது. இன்றைக்குத் தட்டு, நாளைக்கு மேஜை, நாளன்றைக்கு வீடு.

பயப்படாதீர்கள், அங்கே பாதிப் பேச்சு கேலிதான். கேலி என்று தெரிந்துதான் எல்லோரும் சிரிக்கிறோம். உங்கள் மேல் கோபம் எதுவும் இல்லை.

பிஸ்கட் இந்தத் தடவை கொஞ்சம் கருகியிருந்தது. ஆனாலும் தீர்ந்துவிட்டது.

ஜேரட்


கெராபீல்
3 ஜூலை 2022

அன்புள்ள ஜேரட்டுக்கு,

உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். கருகல் உண்மை, அதை ஒப்புக்கொள்கிறேன். மற்றதைப் பற்றிக் கொஞ்சம் பேசலாமா?

"இன்றைக்குத் தட்டு, நாளைக்கு மேஜை, நாளன்றைக்கு வீடு." இது உன் வாக்கியம் இல்லை, கண்ணே. உன்னை எனக்கு உன் முதல் எழுத்திலிருந்து தெரியும். உன் வாக்கியத்தில் ஒழுங்காக ஒரு காற்புள்ளிகூட விழாது. எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் அது பாட்டுக்கு ஓடும், எனக்கு அதுதான் பிடிக்கும். இது அளவெடுத்து வெட்டி மெருகு போட்ட வாக்கியம். யாரோ செய்து உன் கையில் கொடுத்திருக்கிறார்கள். நீ அதை எனக்குக் கொடுத்திருக்கிறாய். இப்படித்தான் அது ஊர் ஊராகப் போகிறது போல.

"நம்மவர்கள்" என்கிறாய். உன் வாயில் அந்தச் சொல் எனக்குப் புதிதில்லை. சனிக்கிழமை மைதானத்திலிருந்து சேறும் சகதியுமாக வந்து, "அம்மா, நம்மவங்க தோத்துட்டாங்க" என்று காலணியைக் கழற்றாமல் சமையலறைக்குள் வருவாய். அந்த நம்மவர்களில் உனக்குப் பந்து போட்டவன் யார்? பெட்ரோல் பங்க் வைத்திருந்த லெபனான்காரரின் மகன். அந்த நம்மவர்களிலிருந்து அவன் எப்போது வெளியே போனான்?

எண்ணிப் பார்க்கச் சொன்னாய். எண்ணினேன். முன்பு மூடப் போவதாகச் சொன்ன பள்ளிக்கூடத்தில் இப்போது இன்னொரு டீச்சர் போட்டிருக்கிறார்கள். ஆலயத்தில் பின் பெஞ்சுகளில் தூசி இல்லை. இது நீ கேட்ட கணக்குத்தான். விடை மட்டும் வேறு.

நேற்று சாப்பிடும்போது அப்பாவிடம் மெதுவாகக் கேட்டேன், "மெர்வின், முதல் உலகப் போர் சமயத்தில உங்க தாத்தாவுக்கு என்னமோ ஆச்சுன்னு சொல்வீங்களே?"

"என்ன ஆச்சு? ஜெர்மன்காரன்னு கடைக்காரன் மாவு தர மாட்டேன்னான். வாராவாரம் போலீஸ்ல போய்க் கையெழுத்துப் போட்டாரு. இங்கேயே பொறந்தவரு. ஏன், இப்ப யாருக்கு மாவு இல்லையாம்?"

உன் கடிதத்தை இந்தத் தடவை அவருக்குப் படித்துக் காட்டவில்லை. நம் குடும்பப் பெயர் நொயமான். ஜெர்மன் மொழியில் அதற்கு என்ன அர்த்தம் என்று உனக்குச் சிறுவயதில் சொல்லியிருக்கிறேன். மறந்திருந்தால் மறுபடி சொல்கிறேன்: புதிதாக வந்தவன்.

கேலி என்கிறாய். டோர்கஸ் முன்னால் நின்று சொல்லக்கூடிய கேலியா அது? எங்கள் கேலியை அவள் முன்னால்தான் செய்தோம். முதலில் சிரித்தவளும் அவள்தான்.

லீவுக்கு வா. உன் பெட்டி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு இருக்காதே. அந்தப் பக்கத்து அறைக்காரனுக்கு ஒரு பொட்டலம் தனியாக வைத்திருக்கிறேன். நீயே கதவைத் தட்டிக் கொடு.

என்றும் உன்
அம்மா


கெராபீல்
18 செப்டம்பர் 2022

அன்புள்ள ஜேரட்டுக்கு,

டின் திரும்பி வரவில்லை. கடிதமும் இல்லை. போன் அடித்துக்கொண்டே இருக்கிறது, நீ எடுப்பதில்லை. ஒப்பந்தத்தை நானே மீறி இன்னொரு டின் அனுப்புகிறேன். பிஸ்கட் கருகவில்லை.

செவ்வாய்க்கிழமை தபால் கடைக்குப் போயிருந்தேன். கவுண்டரில் நிற்கிற ஷரோன் போனை நீட்டி, "ரேலீன், இது நம்ம ஆலய ஹால் மாதிரி இல்லை?" என்றாள். படத்தில் டோர்கஸ். கையில் நீல விளிம்புத் தட்டு. வாய் விட்டுச் சிரிக்கிறாள். மேலே பெரிய எழுத்தில், "காலித் தட்டோடு வந்தார்கள். நிறைத்துக்கொண்டு போகிறார்கள். நமக்கு என்ன மிஞ்சும்?" கீழே ஊர் பேர் தெரியாத ஆயிரம் பேர் எழுதியிருக்கிறார்கள். அதையெல்லாம் இங்கே எழுத என் பேனா வராது. டிராக்டர் படங்களுக்கு நடுவில் ஷரோனின் அண்ணனுக்கு வந்ததாம். அவர் ஆடு மேய்ப்பதைத் தவிர எந்த வம்புக்கும் போகாதவர். "சிரிப்பா இருந்துச்சுன்னு அனுப்பினேன்" என்றாராம்.

படத்தில் டோர்கஸின் தோளில் ஒரு கை மட்டும் இருக்கிறது. ஆள் இல்லை. வெட்டிவிட்டார்கள். கட்டைவிரலில் பிளாஸ்திரி.

"யாரோட கைன்னு தெரியலையே" என்றாள் ஷரோன். நான் கையை கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து ஃபிரிட்ஜ் கதவைப் பார்த்தேன். நம் பிரதி அங்கேயே இருந்தது.

நான் பள்ளிக்கூடம் அதிகம் போகாதவள். கணக்கு எழுத நானாகவே கற்றுக்கொண்டேன். அதில் ஆரம்பத்தில் நான் செய்த தப்பு ஒன்று உண்டு. வரவைச் செலவுப் பத்தியில் எழுதிவிடுவேன். ஒவ்வொரு எண்ணும் சரியாக இருக்கும், பக்கம் முழுவதும் பொய்யாக இருக்கும். அந்தப் படமும் அப்படித்தான். தட்டோடு வந்தது உண்மை. காலியாக இருந்தது உண்மை. நிறைத்துக்கொண்டு போனதும் உண்மை. அவள் கொடுக்க வந்தாள். அதை எடுக்க வந்தாள் என்ற பத்தியில் போட்டுவிட்டார்கள்.

டோர்கஸ் வியாழக்கிழமை வந்தாள். அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. சின்ன மகளிடம் பள்ளியில் யாரோ ஒரு பையன், "உங்கம்மா தட்டைத் தூக்கிட்டு எங்க வீட்டுக்கும் வருவாங்களா?" என்று கேட்டிருக்கிறான். அவள் கணவர் மோசே வேறு ஊருக்குப் போய்விடலாம் என்கிறாராம். "துப்பாக்கிச் சத்தம் கேட்டு ஓடினேன், சரி. ஒரு போட்டோவுக்கு எங்க ஆன்ட்டி ஓடுறது?" என்றாள். மாவைப் பிசைந்துகொண்டே, "உங்க முகத்தை ஏன் ஆன்ட்டி வெட்டினாங்க?" என்று கேட்டாள். பிறகு அவளே சொன்னாள், "நீங்களும் சிரிக்கிறது தெரிஞ்சா அது வேற படம் ஆயிடும், இல்ல?"

நான் உன்னை ஒன்றும் கேட்கப் போவதில்லை, ஜேரட். கேட்டால் நீ பொய் சொல்ல நேரலாம். அந்தச் சங்கடத்தில் உன்னை நிறுத்த எனக்கு மனமில்லை. ஒன்று மட்டும் தெரிந்துகொள். அந்தப் பிரதியை உனக்கு அனுப்பச் சொன்னதே அவள்தான்.

அக்டோபர் பதினாறு சபை ஆண்டு விருந்து. இன்னும் நோட்டீஸ் எழுதவில்லை. எழுத உட்கார்ந்தால் அந்தச் சொல் வர மாட்டேன் என்கிறது.

உன்னை எப்போதும் நேசிக்கிற
அம்மா


பில்பரா
9 அக்டோபர் 2022

அம்மா,

நீங்கள் கேட்கவில்லை. நானே சொல்கிறேன்.

போட்டோவைக் குழுவில் போட்டது நான்தான். ஏப்ரலில். சிரிப்புக்காகத்தான் போட்டேன் உங்கள் முகத்தோடு முழுசாகத்தான் போட்டேன். இரண்டு நாள் கழித்து பழைய உழவன் அதை வெட்டி எழுத்துப் போட்டுத் திருப்பிக் காட்டினார். எல்லோரும் என்னைப் புகழ்ந்தார்கள். தம்பி பெரிய வேலை செய்துவிட்டான் என்றார்கள். அம்மா அந்த வார்த்தைக்கு எனக்கு உடம்பெல்லாம் சூடாகிவிட்டது. இங்கே நான் ஒரு நம்பர்தான். தொப்பியில்கூட நம்பர். அங்கே நான் ஒரு ஆள். படம் எங்கெங்கோ போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். உங்கள் கை மட்டும் இருந்தது. அதைப் பார்க்காமல் பார்க்கப் பழகிக்கொண்டேன்.

உங்கள் ஜூலைக் கடிதத்தைக் கிழிக்கப் போனேன். கிழிக்கவில்லை. அந்தப் பொட்டலத்தைப் பக்கத்து அறைக்காரனிடம் கொடுக்கவும் இல்லை.

போன செவ்வாய் பழைய உழவன் அந்த உள் குழுவில் என்னைக் கேட்டு எழுதினான். டிராக்டர் பற்றி இல்லை. அந்த ஹாலுக்கு எத்தனை கதவு? பின் கதவு எந்தப் பக்கம் திறக்கும்? அவர்கள் எந்த மேஜையில் உட்காருவார்கள்? பதினாறாம் தேதி எத்தனை மணிக்குக் கூட்டம் சேரும்? ஊரும் தேதியும் நான் முன்பே சொல்லியிருந்தேன். "சும்மா கேலிக்குத்தான் தம்பி, யாரும் போகப் போறதில்ல" என்று கடைசியில் ஒரு சிரிக்கிற முகம். அதற்குக் கீழே ஒருவன் துப்பாக்கிப் படம் போட்டிருந்தான். அதற்கும் எல்லோரும் சிரித்தார்கள்.

பின் கதவு சமையலறைக்குத் திறக்கும் அம்மா. எனக்குத் தெரியும். நீங்கள் அங்கேதான் நிற்பீர்கள்.

நான் பதில் எழுதவில்லை. பக்கத்து அறைக் கதவைத் தட்டினேன். போனை நீட்டினேன். அவன் போனை வாங்கி முழுசும் படித்துவிட்டு, "இது கேலி இல்லடா. எழுந்திரு, நானும் வர்றேன்" என்றான். முகாம் அலுவலகத்திலிருந்து போலீஸுக்குப் பேசினோம். என் பெயர், ஊர், போன் எல்லாம் கொடுத்துவிட்டேன். போட்டோ போட்டது நான்தான் என்பதையும் சொன்னேன். என்னை இன்னும் விசாரிப்பார்களாம். வேலை போகலாம். பாஸ்டருக்கு அவர்களே சொல்லிவிடுவார்கள். நீங்கள் போனை எடுத்தால் எனக்குப் பேச்சு வராது என்றுதான் இதை எழுதுகிறேன்.

அந்தக் குழுவிலிருந்து விலகிவிட்டேன். வெளியே வந்ததும் ஒரே அமைதி. அவர்களில் ஒருவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. நீங்கள் கேட்டபோதே தெரிந்திருக்க வேண்டும்.

இனி ஊருக்குள் எப்படி வருவது என்று தெரியவில்லை. டோர்கஸ் அக்காவிடம் சொல்லிவிடுங்கள். இல்லை, சொல்லாதீர்கள். எனக்குத் தெரியவில்லை அம்மா.

ஜேரட்


கெராபீல்
6 நவம்பர் 2022

என் அன்பு மகன் ஜேரட்டுக்கு,

கர்த்தருக்கு ஸ்தோத்திரம். இந்த வார்த்தையை எழுதியதும் பேனாவை வைத்துவிட்டு முழங்காலில் நின்றேன்.

உன் கடிதத்துக்கு முன்பே போலீஸ்காரர்கள் வந்துவிட்டார்கள். விருந்து நடந்தது. வாசலில் ஒரு போலீஸ் வண்டி, பின் கதவில் ஒரு பெண் காவலர். அந்தப் பெண்ணுக்கு அப்பா நாற்காலி போட்டு உருளைக்கிழங்கு சாலட் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, "பின்பக்கத்துலேர்ந்து யாரும் வர மாட்டாங்கம்மா, ரேலீன் தரை துடைச்சிருக்கா" என்றார். அவள் சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை. அவரிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். கொட்டகைக்குப் போய் உன் டிராக்டரைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். மறுநாள், "வர்றப்ப அவனே கெளப்பட்டும்" என்றார். அப்பாவிடமிருந்து அதற்கு மேல் எதிர்பார்க்காதே.

பழைய உழவனைப் பிடித்துவிட்டார்கள். செய்தித்தாளில் வந்தது. அவன் பழையவனும் இல்லை, உழவனும் இல்லை. உன்னைவிடச் சின்னவன். நகரத்தில் அம்மா வீட்டில், தன் அறையில் இருந்துகொண்டே எல்லாம் செய்திருக்கிறான். அவன் தாயை நினைத்து அழுதேன். நானாவது டினில் பிஸ்கட் வைத்துத் தேசத்தின் மறுகோடிக்கு அனுப்பினேன். அவள் பிள்ளை அடுத்த அறையில்தான் இருந்தான்.

டோர்கஸிடம் சொல்லவா வேண்டாமா என்று நீ முடிவு செய்யவில்லை. நான் செய்துவிட்டேன். அவள் வீட்டுக்கே போனேன். அடுப்பில் ஏதோ கொதித்துக்கொண்டிருந்தது.

"அந்தப் போட்டோவைப் போட்டது என் மகன், டோர்கஸ்" என்றேன்.

அடுப்பை அணைத்தாள். "தெரியும் ஆன்ட்டி."

"எப்படி?"

"ரெண்டே ரெண்டு பிரதிதான்னு மார்ச்லயே சொன்னீங்க. ஒண்ணு உங்க ஃபிரிட்ஜ்ல இருக்கு. வியாழக்கிழமை வியாழக்கிழமை அதைத்தானே பாத்துக்கிட்டு மாவு பிசையுறேன்."

"பின்ன ஏன் கேக்கலை?"

"நீங்க சொல்றீங்களான்னு பாத்துட்டு இருந்தேன்."

"சொல்லாமலே இருந்திருந்தா?"

அலமாரியைக் காட்டினாள். முதல் நாள் நான் கேக் வைத்துக் கொடுத்த என் தட்டு மேல் அடுக்கில் தனியாக இருந்தது. "அதைக் கழுவித் திருப்பிக் கொடுத்திருப்பேன் ஆன்ட்டி. காலியா" என்றாள். நம் வழக்கத்தை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான்தான்.

நீ போலீஸுக்குப் போனதைச் சொன்னேன். அந்த உழவன் பின் கதவைப் பற்றிக் கேட்டதையும் மறைக்கவில்லை. கேட்டுவிட்டு வெளியே போய்க் கொடியில் கிடந்த துணியையெல்லாம் எடுத்தாள். காயாததையும் எடுத்தாள். திரும்பி வந்து சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"மன்னிச்சுட்டேன்னு இன்னைக்குச் சொல்ல மாட்டேன் ஆன்ட்டி. சொன்னா அது பொய். எங்க சின்னவ இன்னும் ஜன்னல் ஓரத்துல படுக்க மாட்டேங்கறா. மோசேவை இந்தக் கிறிஸ்துமஸ் வரைக்கும் இருங்கன்னு சொல்லி வெச்சிருக்கேன், அதுக்கு மேல தெரியாது. உங்க மகன் ஒரு கடுதாசி எழுதிட்டு அங்கேயே இருந்துக்கலாம்னு நெனைச்சா வேண்டாம். எனக்குக் கடுதாசி வேண்டாம். முகத்தோட வரச் சொல்லுங்க. எல்லாரும் இருக்கறப்ப வரச் சொல்லுங்க."

நான் தலையாட்டினேன். கதவுவரை வந்தவள் என்னை நிறுத்தினாள்.

"தட்டு கொண்டு வரச் சொல்லுங்க. அவர் கையால செஞ்சது. உங்ககிட்ட வாங்கி வெச்சுக்கிட்டு வந்தா எனக்குத் தெரிஞ்சுடும். உங்க ஸ்ட்ரூசல்ல எப்பவும் உப்பு ஒரு கல்லு கூட."

ஏழு மாதமாக என் சமையலறையில் நின்றுகொண்டு இதை ஒரு நாளும் என்னிடம் சொல்லவில்லை பார்!

டிசம்பர் பதினெட்டு, ஆலயத்தில் கிறிஸ்துமஸ் மாலை விருந்து. நோட்டீஸ் எழுதிவிட்டேன். வாசகத்தை மாற்றலாமா என்று பாஸ்டர் கேட்டார். டோர்கஸ்தான் கூடாது என்றாள். அவள் மொழியிலும் கீழே ஒரு வரி எழுதிக் கொடுத்தாள். "சகோதரிகள்" என்பதை மட்டும் நான் அடித்துவிட்டேன். அடித்த காரணம் உனக்குத் தெரியும்.

வருவாயா என்று கேட்கவில்லை. வழி தெரியும். பின் கதவும் தெரியும். அது திறந்துதான் இருக்கும்.

முத்தங்களுடன்
அம்மா


பில்பரா
27 நவம்பர் 2022

அன்பு அம்மாவுக்கு,

ஈஸ்ட்டை எவ்வளவு சூட்டுத் தண்ணீரில் கரைப்பது? கை பொறுக்கும் சூடு என்று நீங்கள் சொல்வீர்கள் ஆனால் என் கை இப்போது எந்தச் சூட்டையும் பொறுக்கிறது சுரங்கத்தில் அப்படி ஆகிவிட்டது. முகாம் சமையல்காரரைக் கெஞ்சி அடுப்பை வாங்கினேன். "பீட்ரூட் போட்டா இன்னும் நல்லா வரும்" என்கிறார். முதல் கேக் செங்கல். இரண்டாவதைப் பக்கத்து அறைக்காரன் சாப்பிட்டுவிட்டு, "உங்கம்மா என்னைத் தத்து எடுக்கட்டும், உன்னை விட்டுடட்டும்" என்றான். அவன் பெயர் டாரில். ஊர் ஜீலாங் பக்கம். அவன் அம்மா பெயர் நொரீன். எல்லாம் கேட்டுவிட்டேன்.

மேலே தூவுகிற சர்க்கரை எனக்கு உதிரவே மாட்டேன் என்கிறது கட்டி கட்டியாக நிற்கிறது. எத்தனை தடவை உதிர்க்க வேண்டும்? அவருக்கு இரண்டாம் தடவையே வந்தது என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு வராது போல. வராவிட்டாலும் அதையே கொண்டு வருகிறேன்.

உப்பு போடவே இல்லை.

டின்னை இந்தத் தடவை தபாலில் திருப்பவில்லை. கையில் கொண்டு வருகிறேன். என்னிடம் தட்டு எதுவும் இல்லை அம்மா. டின் மூடியில் வைத்து எடுத்துக்கொண்டு வந்தால் சரியாக இருக்குமா?

உங்கள்
ஜேரட் நொயமான்